காற்றுக்கு இரண்டு, வீதிக்கு மைனஸ் ஐந்து

1

போன மாதம் கனடாவில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்டில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான ஒரு சிறுமிக்குக் கொண்டாட்டம். மண்டபத்துக்குள்ளே பட்டுச்சேலைகள், வாசலில் முழங்கால் மட்டும் பனி. யாழ்ப்பாணத்திலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் எங்கள் மேசையில் இருந்தார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நல்ல மனிதர், ஆனால் எதையும் விசாரித்து முடிக்காமல் விடமாட்டார். பாதி கடித்த ரோல்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நீர் இப்ப எங்கை வேலை?"

நான் வாயைத் திறக்க முன்னரே என் கணவர் பதில் சொன்னார். "அவ ஸ்னோ அள்ளுற இடத்திலை அண்ணை."

அண்ணர் என் கைகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, இந்தக் குளிருக்கை சவளோடையோ?"

"நான் அள்ளுறேல்லை அண்ணை. எப்ப அள்ளவேணும், எப்ப உப்புப் போடவேணும், எப்ப சும்மா இருக்கவேணும் எண்டு அள்ளுற ஆக்களுக்கு விளங்கப்படுத்துறனான். வெதர் அறிக்கை எழுதுறது."

"ஓ, மழை வரும் வெயில் வரும் எண்டு சொல்லுறதோ? உது போனிலையே கிடக்கே!"

மேசை முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். பாலத்தைக் கடந்து வீடு வந்து சேரும்வரை அவருக்கு நான் கொடுத்தது தனிக்கதை, அது இங்கே வேண்டாம். ஆனால் அண்ணருக்கு மேசையில் வைத்துச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு அன்றைக்கு வரவில்லை. எனக்கு நல்ல பதில் எப்போதும் மூன்று நாள் பிந்தித்தான் வரும். இந்த முறை ஒரு மாதம் பிந்தி, போன கிழமை வந்தது. ஊரில் இதை வாசிக்கிறவர்களில் அண்ணரும் ஒருவராக இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2

என் வேலை சென்ட் லோரன்டில், தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் நடுவே உள்ள ஒரு வீதிப் பராமரிப்பு முற்றத்தில். முற்றத்தின் ஒரு பக்கம் கூரை போட்ட உப்புக் குவியல். மறுபக்கம் பொடிக்கல் சல்லிக் குவியல். நடுவில் லொறிகளும், நடைபாதையில் ஓடும் சின்ன மெஷின்களும் வரிசையாக நிற்கும். எங்கள் ஊர் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உப்பை வீதியில் கொட்டுவதைக் கண்ட முதல் நாள் வயிறு எரிந்தது. உப்பைக் காலால் மிதிக்கக்கூடாது என்று வளர்த்தவர்கள் அல்லவா நாங்கள்.

வானிலையை நான் கணிப்பதில்லை. அதற்குப் படித்தவர்கள் வேறொரு இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் வரைபடங்களையும் எண்களையும், வீதிக்குள் புதைத்து வைத்திருக்கும் வெப்பமானிகள் சொல்வதையும் வாசித்து, எங்கள் போர்மனும் சாரதிகளும் ஒரு முடிவெடுக்கக்கூடிய மாதிரி எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். போனில் உள்ளது காற்றின் வெப்பநிலை. லொறி காற்றில் ஓடுவதில்லை. ஒரு கிழமை கடுங்குளிர் அடித்த பிறகு காற்று இளகிவிடும், ஆனால் தார் வீதி தன் குளிரை இலகுவில் விடாது. மேலே காற்று பிளஸ் இரண்டு, கீழே வீதி மைனஸ் ஐந்து. அந்த நேரம் மழை பெய்தால், விழுகிற ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். இங்கே அதை வெர்க்லா என்பார்கள். பனி கொட்டினால் எல்லாருக்கும் தெரியும், கவனமாக நடப்பார்கள். வெர்க்லா கண்ணுக்குத் தெரியாது, நனைந்த வீதி மாதிரியே கிடக்கும்.

இனி, கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது, சல்லிதான் போடவேண்டும். மழைக்கு முன்னர் உப்பைப் போட்டால் மழை கழுவிக்கொண்டு போய்விடும். சாரதிகளை இன்றைக்குக் கூப்பிட்டால் நாளைக்கு அவர்களுக்குக் கட்டாய ஓய்வு, நாளைக்குப் பெரிய பனி வந்தால் லொறிக்கு ஆள் இல்லை. ஆகவே கூப்பிடுவதும் பிழைக்கலாம், கூப்பிடாமல் விடுவதும் பிழைக்கலாம். போர்மன் மனதில் ஓடுவது இந்தக் கணக்கு. அதற்கு நடுவில் என் தாள் போய் விழுகிறது.

3

நான் இந்த இடத்துக்கு வந்த கதை சுருக்கமானது. பருத்தித்துறையில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். கணவர் கூப்பிட இங்கே வந்தேன். என் பட்டத்தை இந்த நாட்டுப் பட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு பதில் வந்தது. என் பட்டம் பட்டத்துக்குச் சமம் என்றும், ஆனால் அந்தக் கடிதத்தை வைத்து யாரும் வேலை தரவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்குள் நான் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கப் பழகிவிட்டேன்.

பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு. பிறகு இந்த முற்றத்தில் தொலைபேசி எடுக்கும் எழுதுவினைஞர் வேலை. இது எனக்கு ஒன்பதாவது குளிர்காலம். நாலு குளிர்காலத்துக்கு முன்னர், வானிலை அறிக்கை எழுதியவர் ஓய்வுபெற்றுப் போக, "மடாம், உங்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும்தானே" என்று அந்தக் கதிரையை எனக்குத் தந்தார்கள். வேலையைத் தந்தார்கள், பெயரைத் தரவில்லை. சம்பளத் தாளில் இன்றைக்கும் நான் எழுதுவினைஞர்தான்.

அறிக்கைக்கு ஒரு படிவம் இருந்தது. பதினாலு கட்டங்கள். காற்றின் திசை, ஈரப்பதன், முகில், அமுக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. "ஆகவே என்ன செய்ய வேண்டும்" என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. படிவத்தை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், அதற்கு ஒரு குழு கூடவேண்டும் என்றார்கள். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். அதை முடிவெடுக்க இன்னொரு குழு இருந்தது. நம்மூர்க் கச்சேரியில் அரசாங்க அலுவலுக்குக் காத்துக் கிடந்தவளுக்கு இதெல்லாம் பழகிய பாதைதான் என்பதால் நான் மனம் விடவில்லை. ஆனால் அந்தப் படிவத்தைவிடப் பெரிய பிழை என்னிடம் இருந்தது.

4

எங்கள் அம்மா வாயால் கெட்டது சொல்லமாட்டார். வெளியே கிளம்புகிற யாரும் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். வீட்டில் அரிசி இல்லை என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை, அரிசி வாங்கவேணும் என்பார். ஆஸ்பத்திரியில் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டு கிடப்பார். பார்த்துவிட்டு வந்தவரைக் கேட்டால், "கொஞ்சம் சுகமில்லை" என்பார். கேட்கிறவருக்கும் விளங்கிவிடும், வெள்ளைச் சேலையை எடுத்து வைப்பார். எங்களுக்குள்ளே இது பிழையில்லாமல் ஓடுகிற விஷயம். சொல்கிறவர் கொஞ்சம் என்பார், கேட்கிறவர் அதை நிறைய என்று எடுத்துக்கொள்வார்.

ரெஜான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். ரெஜான்தான் எங்கள் போர்மன். பெரிய உடம்பு, சின்னப் பொறுமை. அவர் பேசுவது கெபெக் பிரெஞ்சு. ஆனால் ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு, என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் நான் ரேடியோவில் அவரைக் கூப்பிட்டால், பொன்ஜூர், சுகமா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வது மரியாதை இல்லை அல்லவா. ஒரு நாள் அவர் வெடித்தார். "மடாம், நான் சாப்பிட்டிட்டன். லொறி போகவேணுமோ போகத் தேவையில்லையோ?"

அறிக்கை எழுதிய முதல் குளிர்காலத்தில், ஜனவரி இளகலில் ஒரு நாள், எண்கள் எல்லாம் என் முன்னால் கிடந்தன. வீதி உறைந்திருந்தது, மழை வந்துகொண்டிருந்தது. நடக்கப்போவது எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. ஆனால் எழுதும்போது கை கூசியது. இத்தனை பெரிய கெடுதலை நான் எப்படி வாயால் சொல்வது? அதுவும் அந்தக் கதிரைக்கு வந்து ஒரு மாதமான பொம்பிளை? "சில இடங்களில் வீதி கொஞ்சம் வழுக்கலாம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, விளங்கிக்கொள்வார்கள் என்று நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். இன்றைக்கும் அந்தத் தேநீரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரெஜான் "கொஞ்சம்" என்பதைக் கொஞ்சம் என்றே வாசித்தார். லொறி போகவில்லை. வீதிகளைச் சுற்றிப் பார்த்துத் தகவல் சொல்லும் சில்வேன் மட்டும் தன் வாகனத்தில் போனார். பள்ளிக்கூடத்தடி ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, வீதி எப்படியிருக்கிறது என்று பார்க்க இறங்கினார். இறங்கிய அடியிலேயே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உதவிக்குப் போன அம்புலன்ஸ்காரர் இருவரும் அவருக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார்கள் என்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், ஜான்-டலோன் சந்தையில் ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சில்வேன் ஐம்பத்தைந்து வயது மனிதர், மீசை வைத்தவர், யாரோடும் கோபித்து நான் கண்டதில்லை. அன்றைக்கும் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"மடாம், உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

"ஓம்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

சொன்னேன் என்று நான் நினைத்ததை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

என்னைத் திருத்தியவள் என் மகள் தாரணி, அதுவும் என்னைத் திருத்தவேண்டும் என்று நினைத்தல்ல.

அவள் இங்கே பிறந்தவள். அப்போது பள்ளிக்கூடத்துக் கடைசி வருடம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். தன் சிநேகிதிகளோடு பேசும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு எனக்கு விளங்காத ஒரு வேகத்தில் இருக்கும். கிளம்பும்போது "சலூ" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள். போட்டு வாறன் என்று சொல்லடி என்று பின்னால் ஓடி ஓடிக் களைத்துப்போய், நான் என் பாட்டுக்கு உள்ளே நின்று "போட்டு வா" என்று கதவுக்குச் சொல்லிக்கொள்வேன்.

சில்வேன் விழுந்த கிழமை ஒரு காலை அவள் தொப்பியில்லாமல் கிளம்பினாள்.

"இண்டைக்குக் குளிராம்" என்றேன்.

"ஓகே" என்றாள். போய்விட்டாள். பின்னேரம் காது சிவந்து, மூக்கு ஒழுக வந்தாள். காலையிலேயே சொன்னேனே என்று நான் பேச, அவளுக்கு வந்ததே கோபம். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"நீங்கள் சொல்லேல்லை அம்மா. குளிராம் எண்டு சொன்னீங்கள். குளிர் எண்டு எனக்குத் தெரியாதே? இது கனடா! தொப்பியைப் போடு எண்டு சொல்லுங்கோவன். நீங்கள் எப்பவும் பாதியைச் சொல்லிப்போட்டு மிச்சத்தை நான் கண்டுபிடிக்கவேணும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பீங்கள்."

எனக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது. சில்வேன் மெதுவாகக் கேட்டதைத்தான் இவள் கத்திக் கேட்டாள்.

அன்று சமையலறையில் நின்று யோசித்தேன். எங்களுக்கு நேராகச் சொல்லத் தெரியாதா? எங்கள் வளர்ப்பே அப்படியா? அப்போதுதான் அம்மாவின் இன்னொரு குரல் நினைவுக்கு வந்தது. சண்டைக் காலத்தில், கெட்டது வாயால் சொல்லாத அதே அம்மா, வானத்தில் இரைச்சல் கேட்டதும் வளவு முழுக்கக் கேட்கக் கத்துவார்: "பொம்மர் வருது! பங்கருக்கை இறங்குங்கோ!" அதில் ஒரு "கொஞ்சம்" இல்லை, ஒரு "லாம்" இல்லை. சில இடங்களில் குண்டு விழக்கூடும் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. என்ன வருகிறது, நீ என்ன செய்யவேண்டும், அவ்வளவுதான். பாதித் தடவை பொம்மர் எங்கள் பக்கம் வராமல் வேறெங்கோ போய்விடும். சும்மா கத்தினாய் என்று யாரும் அம்மாவைக் குறை சொன்னதில்லை. மண்ணைத் தட்டிவிட்டு ஏறி வருவோம், உலையில் அரிசி போடுவோம்.

ஆகவே எனக்குத் தெரியாத வித்தை இல்லை இது. நான் எனக்குத் தெரிந்ததைத்தான் இந்த நாட்டில் மறைத்து வைத்திருந்தேன், மரியாதை என்று நினைத்து.

அடுத்த நாள் படிவத்தின் மேல் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, வெறுமையாகக் கிடந்த இடத்தில் கையால் மூன்று வரி எழுதினேன். வீதியில் என்ன நடக்கும். முதலில் எங்கே, எத்தனை மணிக்கு. நான் பிழைத்தால் என்ன இழப்பு, நான் சரியாக இருந்து நாங்கள் சும்மா இருந்தால் என்ன இழப்பு. வானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரெஞ்சுப் பிழைகளைத் தாரணி பார்த்துத் திருத்தித் தந்தாள். "வாலை வெட்டுங்கோ அம்மா" என்று ஒவ்வொரு வரியிலும் பாதியை வெட்டினாள்.

ரெஜான் அந்தத் தாளை வாசித்தார். அடுத்த நாள் படிவம் அவர் மேசைக்குப் போனபோது, மூன்று வரியை வாசித்துவிட்டுக் கீழே உள்ள பதினாலு கட்டங்களைப் பார்க்காமலே எழும்பிப் போனதைக் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். இந்தக் குளிர்காலம் புதிய படிவம் வந்திருக்கிறது. குழு கூடியிருக்கிறது. மேலே ஒரு பெரிய கட்டம், அதற்குள் சரியாக மூன்று கோடு. யாருடைய யோசனை என்று எங்கும் எழுதியில்லை. எழுதத் தேவையில்லை, முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் அதில் ஒரு வெற்றுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். அது களவு என்றால் களவுதான்.

6

இனிப் போன கிழமைக்கு வருகிறேன்.

சில்வேன் இரண்டு வருடம் வேலைக்கு வரவில்லை. போன வருடம் அலுவலகத்தில் இருந்து சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் குளிர்காலம்தான், டாக்டரின் கடிதத்தோடு, திரும்பவும் வீதி பார்க்கப் போகிறார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார். சப்பாத்தில் முள்ளுத் தகடு மாட்டியிருப்பார்.

ஆறு நாள் கடுங்குளிர். ஏழாம் நாள் காலை காற்று இளகியது. முற்றத்தில் எல்லோரும் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். எல்லோருடைய போனிலும் பிளஸ் இரண்டு, ஒரு மழைத்துளிப் படம். அழகான படம். நான் மட்டும் வீதியின் வெப்பநிலையைப் பார்த்தேன். மைனஸ் ஐந்து. மழை இரண்டு மணிக்கு. பள்ளிக்கூடம் விடுவது மூன்று மணிக்கு. அதே ஏற்றம், அதே இளகல். அந்த நேரம் ஏற்றத்தில் நிற்கப்போகிறவர், அன்றைய ஒழுங்கின்படி, அதே சில்வேன்.

மூன்று வரி எழுதினேன்.

"காற்று பிளஸ் இரண்டு, வீதி மைனஸ் ஐந்து. இரண்டு மணிக்கு விழும் மழை விழுந்த இடத்தில் ஐஸ் ஆகும்.

முதலில் பள்ளிக்கூட ஏற்றம். மூன்று மணிக்குப் பிள்ளைகள் அதில் இறங்குவார்கள்.

பத்துக்கு ஏழு இது நடக்கும். நடக்காவிட்டால் உழைப்பு வீண். நடந்து நாங்கள் சும்மா இருந்தால், ஆட்கள் விழுவார்கள்."

ரெஜான் தாளைத் தூக்கிக்கொண்டு என் கதவுக்கு வந்தார். முகம் நன்றாக இல்லை. விடிய முந்திய பனியை அள்ளிவிட்டு வந்த சாரதிகள் படுத்திருந்தார்கள். அடுத்த நாள் காலைக்குப் பெரிய பனி வருகிறது என்பதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

"மடாம், ஊர் முழுக்க மழை எண்டு சொல்லுது. மழைக்கு நான் லொறி விட்டால், நாளைக்கு எனக்கு ஆள் இல்லை. உப்பைப் போட்டாலும் மழை கழுவிக்கொண்டு போயிடும். நிச்சயமா சொல்லுறீங்களோ?"

முந்திய நானாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்து, தலையை ஆட்டி, "பாப்பம்" என்று சொல்லியிருப்பேன்.

"நிச்சயம் இல்லை. பத்துக்கு ஏழு" என்றேன். "ஆனா உப்புப் போடச் சொல்லேல்லை ரெஜான். சல்லி மழையிலை கரையாது. பகுதி முழுக்கவும் தேவையில்லை. மற்ற வீதியள் மட்டம், அதுகளும் மூண்டரைக்குள்ளை சூடாகிப்போடும். ஏத்தம் நிழல் பக்கம், அது ஆகாது. அந்த ஒண்டுதான். ஏத்தத்திலை புதைச்சிருக்கிற மீட்டரை ஒண்டேகாலுக்குத் திரும்பப் பாப்பன். மைனஸ் ஒண்டுக்கு மேலை வந்திருந்தால் நானே கூப்பிட்டு வேண்டாம் எண்டு சொல்லுவன்."

அவர் தாளைப் பார்த்தார். சுவரில் உள்ள வரைபடத்தைப் பார்த்தார். முடிவு அவருடையது, என்னுடையது அல்ல. அதை நான் எடுக்க முயன்றால் எனக்கு அந்தக் கதிரையில் வேலை இல்லை. நான் செய்யக்கூடியது, அவர் எதற்கும் எதற்கும் இடையில் தெரிவு செய்கிறார் என்பதை மறைக்காமல் அவர் முன்னால் வைப்பது மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேளுங்கள்.

ஒன்றேகாலுக்கு மீட்டர் மைனஸ் நாலு என்றது. கூப்பிட்டேன். இந்த முறை சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. "மைனஸ் நாலு. மாறேல்லை."

"ஒரு லொறி, ஒரு நடைபாதை மெஷின்" என்றார் ரெஜான். "ஏத்தத்துக்கு மட்டும். சல்லியும் உப்பும் கலந்து."

ஒன்றரைக்கு லொறி வாசலைத் தாண்டியது. இரண்டு மணிக்கு மழை இல்லை. இரண்டேகாலுக்கும் மழை இல்லை. ரெஜான் இரண்டு முறை கண்ணாடிக்கு அங்காலே வந்து நின்றுவிட்டுப் போனார். பத்தில் நடக்காமல் போகும் அந்த மூன்று தடவையில் இது ஒன்றோ என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இருபத்தைந்துக்கு யன்னலில் முதல் துளி விழுந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். என் காருக்குப் பக்கத்தில், சல்லி போடாத சீமெந்தில், ஒவ்வொரு துளியும் விழுந்து கண்ணாடிப் பொட்டாக ஒட்டிக்கொண்டது. சப்பாத்து நுனியால் தொட்டேன், கால் தன் பாட்டுக்குப் போனது. கதவைப் பிடித்துத் தப்பினேன். எங்கள் சொந்த வாசலுக்குச் சல்லி போடச் சொல்ல நான் மறந்துபோயிருந்தேன்.

மூன்று மணி தாண்டித் தொலைபேசி அடித்தது. பள்ளிக்கூடத்தடியிலிருந்து ஒரு தாய். நல்ல கோபம். மழை பெய்கிறது, உங்களுக்குக் கண் தெரியாதா, மழைக்கு யாராவது சல்லி போடுவார்களா, பிள்ளையின் சப்பாத்து முழுக்கச் சல்லி, அவ்வளவும் இனி என் வீட்டுக்குள்ளே வரப்போகிறது என்றார்.

"பிள்ளை உங்களுக்குப் பக்கத்திலையோ மடாம்?" என்று கேட்டேன்.

"ஓம், இப்பதான் ஏத்தத்தாலை இறங்கி நடந்து வந்தவன்."

"நடந்து வந்தவனோ? நல்லது. நல்லது மடாம். மெர்சி" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் வைத்துவிட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டை, முறைப்பாடு என்ற தலைப்பின் கீழ்ப் பதிந்து வைத்தேன்.

பிறகு ரேடியோ கரகரத்தது. சில்வேன்.

"மடாம், நான் ஏத்தத்திலை."

நான் பொத்தானை அழுத்தினேன். "வாகனத்துக்குள்ளையோ?"

"இல்லை, இறங்கிட்டன். அதே இடம். சல்லியில்லாத ஓரத்திலை தடியாலை தட்டிப் பாத்தன், கண்ணாடி மாதிரிக் கிடக்கு. நடுவிலை பிள்ளையள் ஓடிக்கொண்டு போகுதுகள்." பிறகு குரலை உயர்த்தினார். "மடாம், கேக்குதோ? நான் நிக்கிறன். ரெண்டு காலிலையும் நிக்கிறன்."

ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரெஜான் உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரேடியோவை என் கையிலிருந்து வாங்கி, "அவ கேட்டவ சில்வேன், கவனமா வா" என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த, மூக்குத் துடைக்கும் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அண்ணை, நீங்கள் சொன்னது சரி. அந்த மழைத்துளி உங்கள் போனிலும் இருந்திருக்கும். நான் அன்று பின்னேரம் என் மேசையில் இருந்து, ரேடியோவுக்கு முன்னால், கொஞ்சம் அழுதேன் என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை. நன்றாக அழுதேன்.